அலுவலக ஸ்விட்ச்சில் சிபியு பயன்பாடு எகிறும்போது: காரணத்தைத் தேடிப் பிடிக்கும் முழுமையான வழிகாட்டி

திங்கட்கிழமை காலையில் ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்கிறார்கள். ஒருவருக்கு நெட் வரவில்லை, ஒருவருக்கு மேசை போனில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, கணக்குப் பிரிவில் பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டுகிறது. அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச்சுக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் முறை) வழியாக நுழைய முயன்றால் பாஸ்வேர்டு கேட்கும் வரி தோன்றவே அரை நிமிடம் ஆகிறது. தட்டிய எழுத்து திரையில் வர மூன்று விநாடி பிடிக்கிறது. நம்மில் பலருடைய கை அந்த நேரத்தில் தானாகவே பவர் கேபிளை நோக்கிப் போகும்.

அந்தக் கையைச் சற்று நிறுத்தி வைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டால் சிபியு வரைபடமும், போர்ட் கவுன்ட்டர்களும், நினைவகத்தில் இருந்த லாக் வரிகளும் ஒரே நொடியில் அழிந்துவிடும். கோளாறு ஸ்விட்ச்சுக்கு வெளியே, ஏதோ ஒரு மேசைக்கு அடியில் இருக்குமானால், பத்து நிமிடத்தில் அதே நிலை திரும்பும்; அப்போது நம் கையில் எந்தத் தடயமும் இருக்காது.

இங்கே சொல்லப்படும் கட்டளைகள் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960, 3560, 3750 வரிசை ஸ்விட்ச்சுகளுக்கு உரியவை. இன்றும் பல அலுவலகங்களின் ரேக்குகளில் இவைதான் ஓடுகின்றன. 9000 வரிசைக்கான வேறுபாடுகளைத் தனியாகச் சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மற்ற நிறுவனங்களின் ஸ்விட்ச்சுகளில் கட்டளை மாறுமே தவிர, தேடும் முறை மாறாது.

சிபியுவுக்கு உரிய வேலை எது

ஒரு கணினியிலிருந்து சர்வருக்குப் போகும் பாக்கெட்டை ஸ்விட்ச்சின் சிபியு பார்ப்பதே இல்லை. அதை ஒரு போர்ட்டில் வாங்கி இன்னொரு போர்ட்டில் தள்ளும் வேலையை ஏசிக் எனப்படும் தனிச் சில்லு செய்து முடிக்கிறது. மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) அட்டவணை, ரூட்டுகள் (எந்த முகவரிக்கு எந்த வழி), ஆக்சஸ் லிஸ்ட் (எதை அனுமதிப்பது, எதை மறுப்பது) வரிகள் எல்லாம் டிகேம் போன்ற வன்பொருள் நினைவகத்தில் எழுதப்பட்டிருப்பதால், முழு வேகத்தில் ஓடும் ஜிகாபிட் போர்ட்டுகள் நாற்பத்தெட்டு இருந்தாலும் சிபியு அமைதியாக இருக்க முடியும்.

சிபியுவிடம் போவது சில வகைப் பாக்கெட்டுகள் மட்டுமே. ஸ்விட்ச்சின் சொந்த ஐபி முகவரிக்கு வரும் எஸ்எஸ்ஹெச், எஸ்என்எம்பி (மானிட்டரிங் மென்பொருள் கேட்கும் கேள்விகள்), பிங் ஆகியவை ஒரு வகை. ஸ்பேனிங் ட்ரீ (கேபிள் வளையங்களைக் கண்டு தடுக்கும் முறை), ரூட்டிங் நெறிமுறைகள் போன்ற கட்டுப்பாட்டுப் பாக்கெட்டுகள் இன்னொரு வகை. ஸ்விட்ச்சுக்கு ஐபி முகவரி உள்ள வீலேன்களில் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகளில்) வரும் பிராட்காஸ்ட்டும் (எல்லாருக்கும் அனுப்பும் பாக்கெட்), ஏஆர்பி கேள்விகளும் (இந்த ஐபி முகவரி யாருடையது, அவரது மேக் எது என்ற கேள்வி), வன்பொருளால் தானாகக் கையாள முடியாத விசித்திரப் பாக்கெட்டுகளும் மீதி. ஆகவே சிபியு பயன்பாடு உயர்ந்தால் "டிராஃபிக் அதிகமாகிவிட்டது, பெரிய ஸ்விட்ச் வாங்க வேண்டும்" என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் தவறு. சிபியு வரை ஏறி வரத் தேவையில்லாத ஏதோ ஒன்று ஏறி வருகிறது. அது எந்தப் பாக்கெட், எந்தப் போர்ட் வழியாக நுழைகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் வேலை முடிந்தது.

முதல் படி: இது உண்மையிலேயே கோளாறுதானா

மானிட்டரிங் மென்பொருள் சிவப்பு விளக்குக் காட்டியது என்பதற்காகப் பதற வேண்டியதில்லை. 'ஷோ பிராசஸஸ் சிபியு ஹிஸ்டரி' என்று கொடுத்தால் கடந்த 60 விநாடி, 60 நிமிடம், 72 மணி நேரம் என மூன்று வரைபடங்கள் நட்சத்திரக் குறிகளால் வரைந்து காட்டப்படும். மணிக்கு ஒருமுறை ஒரு நொடிக்கு 90 சதவீதத்தைத் தொட்டுத் திரும்புகிறது என்றால் அது யாரோ கான்ஃபிகரேஷனைச் சேமித்ததாலோ, மானிட்டரிங் சர்வர் அட்டவணையைப் படித்ததாலோ இருக்கலாம். சராசரிக் கோடே மேலே ஏறி நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த வேலையும் இல்லாதபோதும் சிபியு பூஜ்யத்தில் நிற்காது. 'ஹல்க் எல்இடி பிராசஸ்' என்ற பெயரில் ஓடும் ஒரு பணி, போர்ட்டுகளின் நிலையையும் அவற்றின் விளக்குகளையும் ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கும். சில மாதிரிகளில் அது ஒன்றே 10 முதல் 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். இதை ஒரு வைரஸ் என்று எண்ணி நாள் முழுவதும் தேடியவரை எனக்குத் தெரியும். உங்கள் ஸ்விட்ச்சின் இயல்பு நிலை என்ன என்பதை, எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு வேலைநாளின் நண்பகலில் குறித்து வைத்துக்கொள்வதே இதற்கு மருந்து.

ஸ்விட்ச்சின் முகவரிக்கே பிங் போட்டு, பதில் தாமதமாக வருவதைப் பார்த்து நெட்வொர்க் மந்தம் என்று சொல்வதும் சரியான சோதனை ஆகாது. தன்னிடம் வரும் பிங்குக்குப் பதில் சொல்வதை ஸ்விட்ச் கடைசி வேலையாகவே வைத்திருக்கும். ஸ்விட்ச்சைத் தாண்டி, ஒரு கணினியிலிருந்து சர்வருக்குப் பிங் போட்டுப் பாருங்கள். ஸ்பேனிங் ட்ரீ மாற்றங்கள் லாக்கில் குவிவது, ஈதர்சேனல் (பல கேபிள்களை ஒன்றாகச் சேர்த்த) இணைப்புகள் விழுந்து எழுவது, புதிதாக வரும் கணினிகளுக்கு டிஹெச்சிபி (தானாக வழங்கப்படும் ஐபி) முகவரி கிடைக்காமல் போவது, எஸ்என்எம்பி பதில் நின்றுபோவது ஆகியவை சிபியு உண்மையிலேயே திணறுகிறது என்பதற்கான அடையாளங்கள்.

இரண்டாம் படி: சாய்கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள எண்கள்

'ஷோ பிராசஸஸ் சிபியு சார்ட்டட்' என்று கொடுத்ததும் முதல் வரியில் ஐந்து விநாடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் ஆகியவற்றுக்கான பயன்பாடு வரும். அதில் ஐந்து விநாடிக்கான எண் மட்டும் 94%/61% என்பது போல இரட்டையாக இருக்கும். பலர் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே உள்ள பட்டியலுக்குத் தாவிவிடுகிறார்கள். பாதி விடை இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

முதல் எண் மொத்தப் பயன்பாடு. இரண்டாவது எண், இன்டரப்ட் நிலையில் செலவான பங்கு; அதாவது வன்பொருளிலிருந்து பாக்கெட்டுகள் வந்து கதவைத் தட்டுவதாலேயே சிபியு செலவிட்ட நேரம். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம், கீழே பட்டியலில் பெயருடன் தெரியும் பணிகளுக்குப் போனது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 61 சதவீதம் பாக்கெட் வெள்ளத்துக்கும், 33 சதவீதம் பணிகளுக்கும் போயிருக்கிறது.

இந்த வரிசை ஸ்விட்ச்சுகளில் இன்டரப்ட் பங்கு 5 சதவீதத்துக்குள் இருந்தால் இயல்பு. 10 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பாக்கெட்டைத் தேட வேண்டும். இன்டரப்ட் குறைவாகவும் மொத்தம் அதிகமாகவும் இருந்தால், பட்டியலின் தலையில் நிற்கும் பணியின் பெயரே வழி காட்டும். இரண்டும் உயர்ந்திருந்தால் எப்போதும் இன்டரப்ட் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள், ஏனென்றால் வெள்ளம் வற்றியதும் பணிகளின் பங்கும் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும்.

எதையும் மாற்றுவதற்கு முன் தடயங்களைச் சேர்த்துவிடுங்கள். எஸ்எஸ்ஹெச் கிடைக்கவில்லை என்றால் கன்சோல் கேபிளைச் செருகி, டெர்மினல் மென்பொருளில் லாக் பதிவை இயக்கிவிட்டு, 'டெர்மினல் லெங்த் 0' கொடுத்து, மேலே சொன்ன இரண்டு கட்டளைகளோடு 'ஷோ லாகிங்', 'ஷோ இன்டர்ஃபேஸஸ்' ஆகியவற்றையும் ஓட்டிக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

மூன்றாம் படி: இன்டரப்ட் உயர்ந்திருந்தால் வெள்ளத்தின் வாயைக் கண்டுபிடிப்பது

சிபியுவுக்குப் போகும் பாக்கெட்டுகள் வகைவாரியாக 16 வரிசைகளில் நிற்கின்றன. 'ஷோ கண்ட்ரோலர்ஸ் சிபியு-இன்டர்ஃபேஸ்' என்ற கட்டளை ஒவ்வொரு வரிசையிலும் இதுவரை எத்தனை பாக்கெட்டுகள் எடுக்கப்பட்டன, எத்தனை விடப்பட்டன என்று காட்டும். ஒருமுறை பார்ப்பதில் பயனில்லை. ஸ்விட்ச் இரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தால் எல்லா எண்களும் பெரிதாகத்தான் இருக்கும். பத்து விநாடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, எது வேகமாக ஓடுகிறது என்று கழித்துப் பாருங்கள்.

'பிராட்காஸ்ட்' வரிசை ஓடினால் லூப் (பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வரும் வளையம்) அல்லது பைத்தியம் பிடித்த ஒரு நெட்வொர்க் கார்டு. 'ஹோஸ்ட்' வரிசை என்றால் ஸ்விட்ச்சின் முகவரிக்கே யாரோ அனுப்புகிறார்கள். 'ஐசிஎம்பி' என்றால் ரீடைரக்ட் (வேறு வழியில் போ) அல்லது அன்ரீச்சபிள் (போய்ச் சேர முடியாது) பதில்களுக்காகப் பாக்கெட்டுகள் ஏறி வருகின்றன. 'எஸ்டபிள்யூ ஃபார்வர்டிங்' என்றால் வன்பொருள் கையை விரித்த பாக்கெட்டுகள். 'லாகிங்' என்றால் ஆக்சஸ் லிஸ்ட் வரியின் கடைசியில் யாரோ 'லாக்' என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லை நீக்கினாலே போதும்.

அலுவலகங்களில் அதிகம் சந்திப்பது முதல் வகையைத்தான். நான் முன்பு பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில், சனி ஞாயிறில் மேசைகளை இடம் மாற்றியிருந்தார்கள். திங்கள் காலையில் மேலே சொன்ன அதே 94%/61%. 'ஷோ லாகிங்' கொடுத்தபோது ஒரே வகையான வரி திரை நிறைய ஓடியது: குறிப்பிட்ட ஒரு மேக் முகவரி, வீலேன் 10-இல், ஜிகாபிட் 1/0/48-க்கும் ஜிகாபிட் 1/0/17-க்கும் இடையே மாறி மாறித் தெரிகிறது. 48 என்பது ஃபயர்வாலுக்குப் போகும் அப்லிங்க். அந்த மேக் முகவரி ஃபயர்வாலுடையது. ஃபயர்வால் எழுந்து நடந்து 17-ஆம் போர்ட்டுக்குப் போகாது. அது அனுப்பிய பிராட்காஸ்ட், 17-இன் பக்கம் போய்ச் சுற்றித் திரும்பி வருகிறது என்பதே அந்த வரியின் பொருள்.

'ஷோ இன்டர்ஃபேஸஸ் கவுன்ட்டர்ஸ்' கட்டளையைப் பத்து விநாடி இடைவெளியில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். மற்றப் போர்ட்டுகளில் உள்வரும் பிராட்காஸ்ட் எண்ணிக்கை சில நூறுகளே கூடியிருந்தது. 17-ஆம் போர்ட்டில் மட்டும் ஒன்பது லட்சம். அதாவது விநாடிக்குத் தொண்ணூறாயிரம். அந்தப் போர்ட்டை 'ஷட்டவுன்' செய்த பத்தாவது விநாடியில் சிபியு 14 சதவீதத்துக்கு இறங்கியது. சுவர் எண்ணைப் பார்த்துப் போய் மேசைக்கு அடியில் குனிந்தபோது, ஐந்து போர்ட் உள்ள ஒரு மலிவு ஸ்விட்ச் தூசிக்குள் கிடந்தது. எங்கே செருகுவது என்று தெரியாமல் மிஞ்சிய ஒரு நீலக் கேபிளின் இரு முனைகளையும் யாரோ அதிலேயே செருகிவிட்டுப் போயிருந்தார்கள். ஐந்து விளக்குகளும் ஒரே தாளத்தில் கண்மூடாமல் எரிந்துகொண்டிருந்தன.

ஸ்பேனிங் ட்ரீ ஏன் இதைத் தடுக்கவில்லை என்ற கேள்வி எழும். கேட்டலிஸ்ட் அனுப்பும் பிபிடியு (ஸ்பேனிங் ட்ரீயின் பாக்கெட்) அந்தச் சிறிய ஸ்விட்ச் வழியாகச் சுற்றி அதே போர்ட்டுக்குத் திரும்பியிருந்தால் தடுத்திருக்கும். சில மலிவு ஸ்விட்ச்சுகள் பிபிடியுவை விழுங்கிவிடுகின்றன. மற்றப் பிராட்காஸ்ட்டை மட்டும் தாராளமாகச் சுற்றவிடுகின்றன. ஆகவே ஸ்பேனிங் ட்ரீயை மட்டும் நம்பி இருக்க முடியாது. பிராட்காஸ்ட் அளவு மீறினால் தடுக்கும் ஸ்டார்ம் கண்ட்ரோலும் தேவை. அதைப் பின்னால் பார்ப்போம்.

சந்தேகத்துக்குரிய போர்ட் இன்னொரு கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சுக்குப் போகும் அப்லிங்க்காக இருந்தால் அதை மூடிவிடாதீர்கள். 'ஷோ சிடிபி நெய்பர்ஸ்' கொடுத்து எதிர்முனை எது என்று அறிந்து, அந்த ஸ்விட்ச்சுக்குள் போய் அதே கவுன்ட்டர் கணக்கைத் திரும்பச் செய்யுங்கள். கடைசியில் ஒரு மேசையில்தான் போய் நிற்கும்.

லூப் இல்லாமலும் வெள்ளம் வரலாம். உறக்க நிலையில் இருக்கும் மேசைக் கணினியின் நெட்வொர்க் கார்டு, பழைய டிரைவரின் பிழையால் ஐபிவி6 மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகளை இடைவிடாமல் கொட்டும். அப்படிப்பட்ட நேரத்தில் உள்வரும் மல்டிகாஸ்ட் கவுன்ட்டரைப் பாருங்கள். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு இரவில் சிபியு உயர்ந்தால் என் முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழும். டிரைவரைப் புதுப்பித்தால் தீரும்.

நான்காம் படி: ஸ்பேனிங் ட்ரீ அடிக்கடி மாறுகிறதா

'ஷோ ஸ்பேனிங்-ட்ரீ டீட்டெயில்' வெளியீட்டில் ஒவ்வொரு வீலேனுக்கும் இதுவரை எத்தனை முறை டோபாலஜி (இணைப்புகளின் அமைப்பு) மாறியது, கடைசியாக எப்போது, எந்தப் போர்ட்டிலிருந்து அந்தச் செய்தி வந்தது என்ற விவரம் இருக்கும். கடைசி மாற்றம் பன்னிரண்டு விநாடிக்கு முன் என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இருந்தால் ஏதோ ஒரு போர்ட் ஓயாமல் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது.

இதன் விளைவு சிபியுவோடு நிற்பதில்லை. மேக் முகவரிகள் வழக்கமாக 300 விநாடி வரை நினைவில் இருக்கும். டோபாலஜி மாறியதாகச் செய்தி வந்தால், பழைய ஸ்பேனிங் ட்ரீயில் அந்தக் காலம் 15 விநாடியாகச் சுருங்கும். ரேப்பிட் ஸ்பேனிங் ட்ரீயில் மற்றப் போர்ட்டுகளின் முகவரிகள் உடனே அழிக்கப்படும். எங்கே இருக்கிறது என்று தெரியாத முகவரிக்கான பாக்கெட்டை ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டுகளிலும் அனுப்பும். ஆகவே ஒருவர் தன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மீட்டிங் போனாலே மொத்த அலுவலகத்திலும் வெள்ளம் வரும். கணினிகள் செருகும் எல்லாப் போர்ட்டுகளிலும் 'ஸ்பேனிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்' இருந்தால் அந்தப் போர்ட் விழுந்து எழுவது டோபாலஜி மாற்றமாகக் கணக்கில் வராது. அப்லிங்க் போர்ட்டே விழுந்து எழுந்தால் கேபிளையோ ஃபைபர் மாட்யூலையோ மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஐந்தாம் படி: பட்டியலின் தலையில் நிற்கும் பணி

'ஏஆர்பி இன்புட்' மேலே நின்றால், ஒன்று பிராட்காஸ்ட் வெள்ளம் அல்லது யாரோ முகவரிகளை வரிசையாகத் துழாவுகிறார்கள். வைரஸ் பிடித்த கணினி பக்கத்து முகவரிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடும்போது, இல்லாத ஒவ்வொரு முகவரிக்கும் ஏஆர்பி கேள்வி கிளம்பும். 'ஷோ ஏஆர்பி' வெளியீட்டில் முடிவு பெறாத வரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் இதை உறுதி செய்துகொள்ளலாம்.

கான்ஃபிகரேஷன் பிழையாலும் இது வரும். டீஃபால்ட் ரூட்டை (வேறு வழி தெரியாத முகவரிகளுக்கான வழி) எழுதும்போது அடுத்த ஹாப்பின் (பாக்கெட் அடுத்துப் போக வேண்டிய சாதனத்தின்) ஐபி முகவரியைக் கொடுக்காமல் வீலேன் இன்டர்ஃபேஸின் பெயரை மட்டும் கொடுத்தால், உலகத்தில் உள்ள எல்லா முகவரிகளும் அந்த வீலேனிலேயே இருப்பதாக ஸ்விட்ச் நம்பிவிடும். யாராவது ஓர் இணையதளத்தைத் திறந்தால் அந்தச் சர்வரின் முகவரிக்கே ஏஆர்பி கேட்கும். ஃபயர்வாலில் ப்ராக்ஸி ஏஆர்பி (பிறர் சார்பில் ஏஆர்பிக்குப் பதில் சொல்லும் வசதி) இயங்கினால் அது பதிலும் சொல்லிவிடும். எல்லாம் ஓடுவது போலத் தெரியும், ஏஆர்பி அட்டவணை மட்டும் ஊதிக்கொண்டே போகும். அதில் வெளியுலக முகவரிகளைக் கண்டால் ரூட்டைத் திருத்தி எழுதுங்கள்.

'ஐபி இன்புட்' மேலே நின்றால் 'ஷோ ஐபி டிராஃபிக்' கட்டளையை இரண்டு முறை ஓட்டி எந்த எண் ஓடுகிறது என்று பாருங்கள். ஹாப் எண்ணிக்கை தீர்ந்த பாக்கெட்டுகள் கூடினால் எங்கோ ரூட்டிங் லூப் இருக்கிறது: ஸ்விட்ச் ஃபயர்வாலுக்கு அனுப்ப, ஃபயர்வால் ஸ்விட்ச்சுக்கே திருப்பி அனுப்ப, பாக்கெட் சாகும்வரை பந்தாடப்படுகிறது. அலுவலகத்தின் முழு முகவரித் தொகுதிக்கும் ஃபயர்வாலில் ஒரே ரூட் எழுதி ஸ்விட்ச்சை நோக்கித் திருப்பிவிட்டு, அதில் பாதி வீலேன்களை மட்டும் ஸ்விட்ச்சில் உருவாக்கியிருந்தால் இது நிச்சயம் நடக்கும். பயன்படாத தொகுதிக்கு ஸ்விட்ச்சில், பாக்கெட்டைக் கைவிடும் 'நல் 0' நோக்கி ஒரு ரூட் எழுதினால் நின்றுவிடும்.

அனுப்பிய ரீடைரக்ட்டுகளின் எண்ணிக்கை கூடினால் காரணம் வேறு. சிறிய அலுவலகங்களில் இந்த அமைப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: கணினிகள், ஃபயர்வால், லேயர் 3 (ரூட்டிங்கும் செய்யும்) ஸ்விட்ச்சின் முகவரி மூன்றும் ஒரே வீலேனில் இருக்கும், கணினிகளுக்கு டீஃபால்ட் கேட்வே ஸ்விட்ச். கணினியின் பாக்கெட் வீலேன் 10 வழியாக ஸ்விட்ச்சுக்குள் வந்து, அதே வீலேன் 10 வழியாக ஃபயர்வாலுக்கு வெளியேறுகிறது. "நீ நேராகவே ஃபயர்வாலிடம் போயிருக்கலாமே" என்று கணினிக்குச் சொல்லும் ரீடைரக்ட் செய்தியைத் தயாரிக்க, பாக்கெட்டின் ஒரு நகல் சிபியுவுக்கும் போகிறது. பல கணினிகள் அந்த அறிவுரையைக் கேட்பதில்லை. ஸ்விட்ச்சும் சொல்வதை விடுவதில்லை. இணையப் பயன்பாடு கூடக் கூடச் சிபியுவும் ஏறும், மாலையில் இறங்கும். 'ட்ராஃபிக் அதிகம்' என்ற தவறான முடிவுக்குப் பெரும்பாலும் இந்த வரைபடம்தான் காரணம்.

உடனடித் தீர்வாக அந்த வீலேன் இன்டர்ஃபேஸில் 'நோ ஐபி ரீடைரக்ட்ஸ்' எழுதுங்கள், உடனே இறங்கும். முறையான தீர்வு, ஸ்விட்ச்சுக்கும் ஃபயர்வாலுக்கும் இடையே மட்டும் ஒரு தனி வீலேனை /30 (இரண்டு சாதனங்களுக்கு மட்டும் இடமுள்ள) முகவரித் தொகுதியோடு அமைப்பது. அதற்கு ஃபயர்வாலிலும் மாற்றம் தேவைப்படும் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆக்சஸ் லிஸ்ட்டில் மறுக்கப்படும் பாக்கெட்டுகளுக்கு மன்னிப்புச் சொல்லும் வேலையும் சிபியுவுக்கே போவதால், 'நோ ஐபி அன்ரீச்சபிள்ஸ்' என்ற வரியையும் கூடவே சேர்த்துவிடுவது என் வழக்கம்.

'எஸ்என்எம்பி என்ஜின்' மேலே நின்றால் மானிட்டரிங் சர்வரைப் பாருங்கள். போர்ட் கவுன்ட்டர்களைப் படிப்பது சுமை இல்லை. மேக் அட்டவணையையும் ஏஆர்பி அட்டவணையையும் ரூட்டுகளையும் ஒவ்வொரு நிமிடமும் முழுமையாகப் படிப்பதுதான் சுமை. படிக்கும் இடைவெளியை நீட்டலாம், அல்லது எஸ்என்எம்பி வியூவில் அந்த அட்டவணைகளை விலக்கலாம். இந்தப் பணி தாழ்ந்த முன்னுரிமையில் ஓடுவதால், வேறு யாருக்கும் வேலை இல்லாதபோது சிபியுவை எடுத்துக்கொள்கிறது. பயனாளர்களிடமிருந்து புகார் இல்லை என்றால் இதை அவசரமாகக் கருத வேண்டாம். இதே மென்பொருளை இரண்டு பேர் இரண்டு சர்வர்களில் நிறுவிவிட்டு மறந்துபோயிருப்பதும் உண்டு.

'எக்சிக்' என்ற பெயரில் சுமை இருந்தால் யாரோ உள்ளே இருந்து பெரிய வெளியீட்டை ஓடவிட்டிருக்கிறார்கள். 'ஷோ யூசர்ஸ்' காட்டிக்கொடுக்கும். பல நேரம் அந்த ஆள் நாமாகவே இருப்போம்.

ஆறாம் படி: டிகேம் நிரம்பிவிட்டதா

'எஸ்டபிள்யூ ஃபார்வர்டிங்' வரிசை ஓடினால், வன்பொருள் நினைவகத்தில் இடம் தீர்ந்து, எழுத முடியாமல் போன ரூட்டுகளுக்கான பாக்கெட்டுகளைச் சிபியு சுமக்கிறது என்று சந்தேகிக்கலாம். 'ஷோ பிளாட்ஃபார்ம் டிகேம் யூட்டிலைசேஷன்' வெளியீட்டில் ஒவ்வொரு வகைக்கும் அதிகபட்ச இடமும் பயன்பட்ட இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 3750-இல் இந்த இடத்தை எஸ்டிஎம் வார்ப்பு பங்கிட்டுத் தருகிறது: 'டீஃபால்ட்' வார்ப்பில் மேக் முகவரிகளுக்கு ஏறத்தாழ 6,000 இடமும் ரூட்டுகளுக்கு 8,000 இடமும், 'ரூட்டிங்' வார்ப்பில் மேக்குக்கு 3,000, ரூட்டுகளுக்கு 11,000. 'வீலேன்' வார்ப்பில் ரூட்டுகளுக்கு வன்பொருளில் இடமே ஒதுக்கப்படுவதில்லை. யாரோ அந்த வார்ப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு வீலேன்களுக்கு இடையே ரூட்டிங்கையும் இயக்கியிருந்தால் எல்லாப் பாக்கெட்டும் சிபியுவின் தலையில்தான். 'ஷோ எஸ்டிஎம் ப்ரிஃபர்' கொடுத்துப் பார்த்து, தேவையானால் வார்ப்பை மாற்றுங்கள். இந்த மாற்றத்துக்கு மட்டும் ரீலோட் கட்டாயம்.

ஏழாம் படி: அப்போதும் தெரியவில்லை என்றால் பாக்கெட்டையே பிடிப்பது

சந்தேகத்துக்குரிய வீலேனை 'மானிட்டர் செஷன்' மூலம் ஒரு காலிப் போர்ட்டுக்கு நகலெடுத்து, அங்கே ஒரு மடிக்கணினியைச் செருகி, பாக்கெட்டுகளைப் பிடித்துப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். நகலெடுக்கும் வேலையை ஏசிக்கே செய்வதால் சிபியுவுக்குச் சுமை கூடாது. புள்ளிவிவரப் பகுதியில் யார் அதிகம் அனுப்புகிறார் என்று பார்த்தால் பெரும்பாலும் முதல் வரியிலேயே ஆள் அகப்படுவார். அந்த மேக் முகவரியை 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் அட்ரஸ்' கட்டளையில் கொடுத்தால் போர்ட் தெரியும்.

ஸ்விட்ச்சிலேயே 'டீபக்' ஓட்டுவதை நான் கடைசி ஆயுதமாகத்தான் வைத்திருக்கிறேன். ஏற்கெனவே 90 சதவீதத்தில் இருக்கும் சிபியுவிடம் ஒவ்வொரு பாக்கெட்டைப் பற்றியும் திரையில் எழுதச் சொன்னால் அது முற்றிலும் உறைந்துவிடும். வேறு வழியே இல்லை என்றால் முதலில் 'நோ லாகிங் கன்சோல்' கொடுத்து, லாக்கை நினைவகத்துக்குத் திருப்பி, 'அன்டீபக் ஆல்' என்பதைத் தட்டத் தயாராக வைத்துக்கொண்டு சில விநாடி மட்டும் ஓடவிடுங்கள்.

9000 வரிசையில் என்ன மாறுகிறது

கேட்டலிஸ்ட் 9200, 9300 போன்றவற்றில் ஐஓஎஸ் எக்ஸ்இ ஒரு லினக்ஸ் அமைப்பின் மேல் ஓடுகிறது. 'ஷோ பிராசஸஸ் சிபியு சார்ட்டட்' ஐஓஎஸ் பகுதியை மட்டுமே காட்டும். முழுப் படத்துக்கு 'ஷோ பிராசஸஸ் சிபியு பிளாட்ஃபார்ம் சார்ட்டட்' தேவை. சிபியுவுக்குப் போகும் பாக்கெட்டுகளை வகைவாரியாக அளவோடு விடும் காவல் முன்கூட்டியே இயங்குவதால், லூப் வந்தாலும் சிபியு அமைதியாக இருப்பது போலத் தோன்றலாம். ஆனால் அந்த அளவுக்குள் நியாயமான ஏஆர்பியும் டிஹெச்சிபியும் நசுங்கிக்கொண்டிருக்கும். அங்கே சிபியு சதவீதத்தை விட, கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையே நம்பத் தகுந்த குறி. வயர்ஷார்க் வடிவிலேயே பாக்கெட்டைப் பிடிக்கும் 'மானிட்டர் கேப்ச்சர்' வசதியைக் கண்ட்ரோல் பிளேன் (சிபியுவுக்குப் போகும் பாதை) மீது ஓட்ட முடிவது பெரிய ஆறுதல்.

எட்டாம் படி: திரும்ப வராமல் பூட்டுவது

கணினி, போன், பிரிண்டர் செருகும் ஒவ்வொரு போர்ட்டிலும் போர்ட்ஃபாஸ்ட்டும் 'பிபிடியு கார்டு'ம் இருக்கட்டும். பிபிடியு வந்தால் போர்ட் தானாக மூடிக்கொள்ளும். தானாகத் திறக்கும் வசதியை 'எர்ர்டிசேபிள் ரெகவரி' மூலம் இயக்கினால் இயல்பு இடைவெளி 300 விநாடி. லூப் அகற்றப்படாமல் இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து மூடும் என்பதால், அலுவலகத்தில் ஐ.டி. ஆள் எப்போதும் இருக்கிறார் என்றால் அதை இயக்காமல் விடுவதையே விரும்புவேன்.

பிபிடியுவை விழுங்கும் சாதனங்களுக்கு ஸ்டார்ம் கண்ட்ரோல் வேண்டும். இதில் பலர் 'லெவல் 1' என்று எழுதிவிட்டு, ஒரு சதவீதம்தானே என்று நிம்மதியாக இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜிகாபிட் போர்ட்டில் ஒரு சதவீதம் என்பது 10 எம்பிபிஎஸ். 64 பைட் அளவுள்ள சிறிய ஃப்ரேம், முன்னும் பின்னும் உள்ள இடைவெளியோடு சேர்த்து 84 பைட், அதாவது 672 பிட் இடம் எடுக்கும். 10 எம்பிபிஎஸ்ஸில் அப்படிப்பட்ட ஃப்ரேம்கள் விநாடிக்கு 14,880 நுழையலாம். அந்தச் சிறிய சிபியுவை மூச்சுத்திணற வைக்க அது போதும். ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு, விநாடிக்கு இத்தனை பாக்கெட் என்ற 'பிபிஎஸ்' அளவில் எழுதுங்கள். சாதாரண மேசைப் போர்ட்டில் பிராட்காஸ்ட்டுக்கு விநாடிக்கு 200 முதல் 500 வரை வைத்துத் தொடங்கி, ஒரு வாரம் லாக்கைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மீறினால் போர்ட்டை மூடு என்ற செயலையும் சேர்க்கலாம். அப்லிங்க்குகளில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள், ஒரு மேசையின் தவறுக்கு ஒரு மாடியே இருண்டுவிடும்.

நள்ளிரவில் மட்டும் வந்து போகும் கோளாறுக்கு ஸ்விட்ச்சையே சாட்சியாக்கலாம். 'பிராசஸ் சிபியு த்ரெஷோல்ட்' வரியில் மொத்தப் பயன்பாடு 70 சதவீதத்தை 30 விநாடி தாண்டினால் லாக் எழுது, 40-க்குக் கீழே வந்தால் இன்னொன்று எழுது என்று கொடுங்கள். ஸ்விட்ச்சில் ஈஇஎம் (ஒரு நிகழ்வு நடந்தால் கட்டளைகளைத் தானாக ஓட்டும்) வசதி இருந்தால், அந்த லாக் வரி தோன்றிய உடனே 'ஷோ பிராசஸஸ் சிபியு சார்ட்டட்', 'ஷோ கண்ட்ரோலர்ஸ் சிபியு-இன்டர்ஃபேஸ்', 'ஷோ இன்டர்ஃபேஸஸ் கவுன்ட்டர்ஸ்' மூன்றையும் ஓட்டி ஃப்ளாஷில் ஒரு கோப்பின் கடைசியில் சேர்க்கும்படி ஓர் ஆப்லெட் எழுதலாம். கவுன்ட்டர் கட்டளையைப் பத்து விநாடி இடைவெளியில் இரண்டு முறை ஓடவிடுவதை மறக்காதீர்கள். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு காலையில் எதையும் கழிக்க முடியாது. என்டிபி மூலம் ஸ்விட்ச்சின் கடிகாரம் சரியாக இருப்பதையும் உறுதி செய்யுங்கள்.

மூடிய போர்ட்டைத் திறப்பதற்கு முன், மேசைக்கு அடியில் கிடந்த கேபிளை உங்கள் கையாலேயே எடுத்துவிட்டு, கவுன்ட்டர்களை 'க்ளியர் கவுன்ட்டர்ஸ்' மூலம் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். திறந்த பிறகு ஒரு நிமிடம் பிராட்காஸ்ட் எண்ணிக்கையைக் கவனியுங்கள். மூன்று நாள் கழித்து 72 மணி நேர வரைபடத்தை எடுத்துப் பார்த்து, நட்சத்திரங்கள் பழைய மட்டத்திலேயே நின்றிருந்தால், அந்தத் தாளில் தேதியும் போர்ட் எண்ணும் எழுதி ரேக்கின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை மேசைகள் இடம் மாறும்போது அதைத் தேடி வருவீர்கள்.